மூன்றாம் நம்பர் மெத்ரோவின் கடைசி நிறுத்தம்

"அண்ணை, பேர் லஷேசிலை இறங்கி மூண்டாம் நம்பர் மெத்ரோ எடுக்கோணும். கலியேனி எண்டு போட்டிருக்கிற பக்கம் ஏறுங்கோ. மற்றப் பக்கம் ஏறினால் லுவல்லுவாவுக்குக் கொண்டுபோய் விட்டிடுவான்."

பாரிஸில் எனக்குக் கிடைத்த முதல் பயணக் குறிப்பு இது. சொன்னவர் லாச்சப்பலில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி. நண்பரின் நண்பர். பன்யோலேயில் இருக்கும் அவருடைய வீட்டில்தான் எனக்கு ஒரு வாரத்துக்கு ஜாகை. கடை பூட்டி வர இரவு பத்தாகும் என்பதால் சாவியைக் கையில் கொடுத்து என்னைத் தனியே அனுப்பினார். நானும் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன். விமானத்தில் கண் அசராத களைப்பு. பேர் லஷேசில் இறங்கி, படி ஏறி, படி இறங்கி, வந்து நின்ற முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். யாரோ தோளைத் தட்டினார்கள். கடைசி நிறுத்தம். வண்டி காலியாக இருந்தது. பலகையில் லுவல்லுவா என்று எழுதியிருந்தது.

அவர் 'ஏறாதீங்கோ' என்று சொன்ன பக்கத்தில்தான் ஏறியிருக்கிறேன். நகரத்தின் கிழக்கு ஓரத்துக்குப் போக வேண்டியவன் மேற்கு ஓரத்தில் நிற்கிறேன். வெளியே இன்னும் வெயில் இருந்தது. வந்ததுதான் வந்தோம், ஒரு காபியாவது குடிக்கலாம் என்று மேலே ஏறிச் சற்றுத் தூரம் நடந்தேன். ஒரு சதுக்கத்தில் வெள்ளைப் பளிங்கில் செதுக்கிய டாக்சி ஒன்று நின்றுகொண்டிருந்தது. ராஜாவும் இல்லை, குதிரையும் இல்லை. ஒரு வாடகைக் கார். முதல் உலகப் போரில் பாரிஸிலிருந்து போர்முனைக்குப் படைவீரர்களை ஏற்றிப் போன 'மார்ன் டாக்சி'களுக்கான நினைவுச் சின்னம். அந்தக் காலத்தில் டாக்சிக் கொட்டகைகள் நிறைந்த ஊராம் லுவல்லுவா. அந்த டாக்சிகளைப் போருக்கு அனுப்பியவர் பாரிஸின் அன்றைய ராணுவ ஆளுநர். பெயர் ஜெனரல் ஜோசஃப் கலியேனி.

ஆக, நான் தவறவிட்ட நிறுத்தத்தின் பெயர்க்காரரே இவர்தான். டாக்சி ஒரு முனையில், அதை அனுப்பியவர் மறு முனையில், நடுவே நகரம் முழுவதையும் கோர்த்துக்கொண்டு மூன்றாம் நம்பர் தடம்.

இரவு தம்பியிடம் கேட்டேன். "கலியேனி எண்டால் ஸ்டேசன்தானே அண்ணை. ஆளும் இருந்தவரோ?" என்றார். இருபது வருடமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை அந்தப் பெயரைக் கடந்து போகிறவர். குறை சொல்லவில்லை. மவுண்ட் ரோட்டில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ துரை யார் என்று என்னைச் சின்ன வயதில் யாராவது கேட்டிருந்தால் நானும் 'பஸ் ஸ்டாப்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஈபிள் கோபுரத்துக்கும் மோனாலிசாவுக்கும் ஒதுக்கியிருந்த நாள்களில் மூன்றை இந்த ஒரு மனிதருக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஆன்வலித். பதினான்காம் லூயி காயம்பட்ட படைவீரர்களுக்காகக் கட்டிய பெரிய மாளிகை. பொன் முலாம் பூசிய குவிமாடத்துக்குக் கீழே நெப்போலியன் படுத்திருக்கிறார். கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் போக, நான் ராணுவ அருங்காட்சியகத்தின் முதல் உலகப் போர்க் கூடங்களுக்குள் நுழைந்தேன். அங்கே பளிங்கு அல்லாத நிஜ டாக்சி ஒன்று நிற்கிறது. ரெனோ கம்பெனியின் வண்டி. இரண்டு சிலிண்டர், எட்டுக் குதிரைத் திறன். ஓட்டுநர் கிட்டத்தட்ட வெட்டவெளியில் உட்கார, பயணிகளுக்கு மட்டும் பின்னால் ஒரு கூண்டு. நம் ஊர் ஆட்டோவுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கிறது. இதற்குள் துப்பாக்கியும் மூட்டையுமாக நான்கு சிப்பாய்கள், ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஐந்தாவது ஆள்.

1914 ஆகஸ்ட் கடைசியில் பாரிஸின் நிலைமை மோசம். பெல்ஜியம் வழியாக இறங்கிய ஜெர்மன் படைகள் செப்டம்பர் 2 அன்று சென்லீஸ் நகருக்கு வந்துவிட்டன. அங்கிருந்து பாரிஸ் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அன்று இரவே ஜனாதிபதியும் அமைச்சர்களும் ரயிலேறித் தெற்கே போர்தோ நகருக்குப் போய்விட்டார்கள். ஜனங்களும் லட்சக்கணக்கில் மூட்டை கட்டினார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஆகஸ்ட் 26 அன்று, பாரிஸின் ராணுவ ஆளுநர் பொறுப்பைக் கலியேனியிடம் கொடுத்திருந்தார்கள். அப்போது அவருக்கு வயது 65. ஏப்ரலில்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஜூலையில் மனைவி இறந்துபோயிருந்தார். புராஸ்டேட் நோய் வேறு. ஒல்லியான நெட்டை உருவம், மூக்கில் காதுப்பிடி இல்லாத கண்ணாடி. படங்களில் பார்த்தால் தளபதி மாதிரி இல்லை, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கிறார்.

ஆன்வலித்துக்கு அடுத்தாற்போல் விக்தோர் துருய் என்றொரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கேதான் அவர் தன் அலுவலகத்தை வைத்தார். நான் போனபோது வாசலில் பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக நின்றார்கள். செப்டம்பர் 3 அன்று பாரிஸ் மக்களுக்கு இங்கிருந்து ஓர் அறிவிப்பு வெளியானது. சில வரிகள்தான். அரசாங்கம் வெளியே போயிருக்கிறது. பாரிஸைக் காக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. அதைக் கடைசிவரை நிறைவேற்றுவேன். இவ்வளவுதான் சாரம். அடுக்குமொழி கிடையாது, தெய்வத்தைக் கூப்பிடவில்லை. அந்த அறிவிப்பின் படத்தைப் பார்த்தபோது முதல்முறையாக இந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

'கடைசிவரை' என்பது வெறும் வாய்ச்சொல்லும் இல்லை. நகரைச் சுற்றி அகழி வெட்ட ஆள் திரட்டினார். தேவைப்பட்டால் பாலங்களைத் தகர்க்க வெடி வைக்கச் சொன்னார். முற்றுகை வந்தால் சோற்றுக்கு என்ன வழி என்று கணக்குப் போட்டு, பணக்காரர்கள் சாரட்டில் உலாப்போகும் புலோஞ் பூங்காவில் ஆடுமாடுகளைக் கொண்டுவந்து கட்டினார். பல வருடம் காடுகளில் கோட்டை போட்டு உட்கார்ந்த ஆளுக்குத்தான் முதலில் இது தோன்றும்.

செப்டம்பர் 3 அன்று வானத்தில் சுற்றிய விமானிகள் ஒரு செய்தி கொண்டுவந்தார்கள். ஃபொன் குளுக் தலைமையிலான ஜெர்மன் முதலாம் படை பாரிஸை நோக்கி நேராக வராமல் தென்கிழக்கே திரும்புகிறது. பின்வாங்கும் பிரெஞ்சுப் படையைத் துரத்துகிற வேகத்தில், தன் வலது விலாவைப் பாரிஸ் பக்கம் திறந்துகாட்டியபடி போகிறது. இதன் பொருள் கலியேனிக்கு உடனே புரிந்தது. தன் பொறுப்பில் விடப்பட்டிருந்த ஜெனரல் மோனூரியின் ஆறாம் படையை அந்த விலாவில் பாய்ச்ச வேண்டும். மறுநாள் காலையிலேயே மோனூரியைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டு, தலைமைத் தளபதி ஜோஃப்ரைத் தொலைபேசியில் பிடிக்க ஆரம்பித்தார். ஜோஃப்ருக்குத் தொலைபேசி என்றாலே ஆகாது. இதில் ஒரு வேடிக்கை, இந்த ஜோஃப்ர் ஒரு காலத்தில் மடகாஸ்கரில் கலியேனிக்குக் கீழே வேலை பார்த்தவர். 1911-இல் தலைமைப் பதவியைக் கலியேனிக்குக் கொடுக்க வந்தபோது, வயதையும் உடம்பையும் காரணம் சொல்லி மறுத்து, ஜோஃப்ரின் பெயரைச் சொல்லி அனுப்பியவரும் அவரே. இப்போது தன் பழைய கீழதிகாரியிடம் அனுமதிக்குக் காத்திருந்தார். அனுமதி வந்தது. செப்டம்பர் 5 அன்று ஊர்க் நதிப் பக்கம் சண்டை மூண்டது.

டாக்சிக் கதை அதற்குப் பிறகுதான். ஏழாம் டிவிஷன் பாரிஸுக்கு வந்து சேர்ந்தபோது ரயில் பாதைகள் திணறிக்கொண்டிருந்தன. பீரங்கிகள் சாலை வழியே போயின. பெரும்பகுதி வீரர்கள் ரயிலில் போனார்கள். மிச்சம் இருந்தவர்களை அனுப்ப டாக்சிகளைப் பிடித்தார்கள். ஆன்வலித் முன்னால் உள்ள மைதானத்தில் வண்டிகள் வந்து குவிந்தன. எல்லாமாகச் சேர்த்து ஏறத்தாழ 600. செப்டம்பர் 6, 7 இரவுகளில், முன்விளக்கை அணைத்துவிட்டு, முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். கான்யீ என்ற புறநகரில் வீரர்களை ஏற்றிக்கொண்டு, நான்தோய் கிராமத்துப் பக்கம் இறக்கிவிட்டார்கள். ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். வண்டி வரிசையைப் பார்த்த கலியேனி, வேறெப்படி இருந்தாலும் இது வழக்கமான காட்சி இல்லையே என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னாராம். அவர் சொல்லக்கூடிய அதிகபட்ச நகைச்சுவை அதுவாகத்தான் இருக்கும்.

வண்டிகளில் மீட்டர் ஓடியது! வழக்கமான சவாரியைப் போலவே மீட்டர் காட்டியதில் கால் பங்குக்குச் சற்று மேல் ஓட்டுநருக்குக் கிடைத்தது. மொத்தச் செலவு எழுபதாயிரம் ஃபிராங்குக்குக் கொஞ்சம் மேலே போனது. இதைத் தம்பியிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "இந்த ஊரிலை அப்பிடித்தான் அண்ணை. சண்டை எண்டாலும் மீற்றரை நிப்பாட்டமாட்டாங்கள்."

இந்தக் கதையில் கொஞ்சம் காற்று அடைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டாக்சியில் போனவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். மோனூரியின் படையிலோ ஒன்றரை லட்சம் பேர். நூற்றுக்கு மூன்று. அந்த ஐயாயிரம் இல்லாவிட்டாலும் சண்டை அப்படியேதான் நடந்திருக்கும் என்று ராணுவ வரலாற்றாளர்கள் பலரும் சொல்கிறார்கள். பாரிஸைக் காப்பாற்றியது செப்டம்பர் 3 அன்று வரைபடத்தைப் பார்த்த கண். ஆனால் கண்ணுக்குப் பளிங்குச் சிலை வைக்க முடியாது. டாக்சிக்கு வைக்கலாம். மக்கள் தங்கள் தெருவில் ஓடிய வண்டியைக் கதாநாயகனாக்கிக்கொண்டார்கள்.

ஜெர்மானியர் செப்டம்பர் 9 முதல் பின்வாங்கினார்கள். மார்ன் போர் என்று பெயர் பெற்ற இந்த வெற்றி ஜோஃப்ருடையதா, கலியேனியுடையதா என்ற சண்டை உடனே தொடங்கி, இரண்டு பேரும் செத்த பிறகும் ஓயவில்லை. ஜோஃப்ர் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். மார்னில் ஜெயித்தது யார் என்று எனக்குத் தெரியாது, தோற்றிருந்தால் யார் தலையில் விழுந்திருக்கும் என்பது தெரியும் என்பாராம். நியாயம்தானே.

அருங்காட்சியகத்தின் கதவோடு நான் நின்றிருந்தால் கலியேனி எனக்கு ஒரு கிழட்டு வீரராக, நல்ல மனிதராகவே மனத்தில் பதிந்திருப்பார். மூன்றாம் நாள் குவிமாடத்தின் பின்பக்கம், வோபான் சதுக்கத்துக்குப் போனேன். சென் பிரான்சுவா சவியே நிலையத்தில் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம்.

சதுக்கத்தில் கலியேனியின் கல் சிலை. செதுக்கியவர் ஜான் பூஷே, வைத்த ஆண்டு 1926. ராணுவ உடையில் மேலே அவர் நிற்கிறார். அவர் நிற்கும் பீடத்தை நான்கு பெண்கள் தலையிலும் தோளிலுமாகத் தாங்குகிறார்கள். நம் கோயில்களில் வாகனத்தைத் தாங்கும் பூதகணங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதில்லை. யார் இந்தப் பெண்கள் என்று படித்தபோதுதான் சுருக்கென்றது. ஒருத்தி சூடான், இன்றைய மாலி பக்கத்து மேற்கு ஆப்பிரிக்கா. ஒருத்தி தொங்கின், வடக்கு வியட்நாம். ஒருத்தி மடகாஸ்கர். நான்காமவள் பாரிஸ்.

முதல் மூன்று பேரும் அவர் பிடித்த இடங்கள். நான்காவது அவர் காப்பாற்றிய இடம். சிற்பி எல்லாரையும் ஒரே பாரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டார்.

எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பிரெனே மலையில் சென் பெயா என்ற சிற்றூர். 1849 ஏப்ரல் 24 அன்று அங்கே பிறந்த பையன். அப்பா இத்தாலியிலிருந்து வந்து, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து கேப்டன் வரை உயர்ந்தவர். பெயரில் இத்தாலி வாசனை அதனால்தான். பையன் சென் சீர் ராணுவக் கல்லூரியிலிருந்து வெளியே வந்தது 1870 ஜூலையில். சரியாக அந்த வாரம் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் தொடங்கியது. செப்டம்பர் 1 அன்று பசேய் கிராமத்தில் சண்டை போட்டுக் கைதியானார். ஜெர்மனியில் சிறையிருந்த காலத்தில் ஜெர்மன் கற்றுக்கொண்டார். மொழிகளில் அவருக்கு ஆசை அதிகம். தன் நாட்குறிப்பு ஒன்றுக்கு வைத்த தலைப்பிலேயே ஜெர்மன், ஆங்கிலம், இத்தாலி மூன்றையும் கலந்து கட்டியிருக்கிறார். எழுத்தில்கூட விளையாடத் தெரிந்த ஆள் என்பது சிலையைப் பார்த்தால் தெரியாது.

1872-இல் ரீயூனியன் தீவுக்குப் போனார். மூன்று வருடம் இருந்தார். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட நம் ஜனங்கள் அப்போது அந்தத் தீவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 'மலபார்' என்பது அங்கே அவர்களுக்கு வைத்த பெயர். இளம் அதிகாரி கலியேனி தெருவில் தமிழ்க் குரல் கேட்காமல் அங்கே மூன்று வருடத்தை ஓட்டியிருக்க முடியாது. பிறகு செனகல். 1880-இல் நைஜர் நதிப் பக்கம் தூது போனவரை, அஹமதூ சுல்தான் நாங்கோ என்ற கிராமத்தில் பத்து மாதம் போக விடாமல் உட்கார்த்திவைத்தார். பிறகு படையோடு திரும்பிப் போய் மேல் செனகலைப் பிடித்ததும், 1892 முதல் தொங்கினில் சீன எல்லையோரம் நான்கு வருடம் இருந்ததும் இன்னொரு நாளைக்கு. மடகாஸ்கரை மட்டும் அப்படி ஒதுக்க முடியாது.

1895-இல் பிரான்ஸ் மடகாஸ்கருக்கு அனுப்பிய படையில் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தார்கள். சண்டையில் செத்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. மற்றவர்களை மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொண்டுபோயின. தலைநகர் அந்தனனரிவோ விழுந்தது. ராணி மூன்றாம் ரனவலோனாவைப் பெயருக்கு அரியணையில் விட்டுவைத்தார்கள். ஆனால் கிராமங்களில் கிளர்ச்சி வெடித்தது. மெனலம்பா என்று அதற்குப் பெயர், 'சிவப்புத் துண்டுக்காரர்கள்' என்று அர்த்தம். செம்மண்ணில் தோய்த்த துணியைப் போர்த்திக்கொண்டு வந்தவர்கள். இதை அடக்க அனுப்பப்பட்டவர்தான் கலியேனி. 1896 செப்டம்பரில் வந்து சேர்ந்தார்.

ஊருக்குள் வந்து ஒரு மாதம்கூட முடியவில்லை. அக்டோபர் 15 அன்று இரண்டு பேரைச் சுட்டுக் கொல்லச் செய்தார். ஒருவர் உள்துறை அமைச்சர் ரைநாந்திரியமம்பாந்திரி. இன்னொருவர் ராணியின் உறவினரான இளவரசர் ரத்சிமமாங்கா. கிளர்ச்சிக்காரர்களோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. விசாரணை என்று ஒன்று நடந்தது. சாட்சியம் தேறாது என்பது அன்றைக்கே பலருக்கும் தெரியும். ஆனால் ஆள்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது. ஒருவர் அரச குடும்பத்தவர், மற்றவர் பிறப்பால் எளிய குடியிலிருந்து வந்த பெரிய அதிகாரி. அரண்மனைக்கும் பயம் வர வேண்டும், அலுவலகத்துக்கும் பயம் வர வேண்டும். இந்த அமைச்சர் யார் என்றால், 1883-இல் தொடங்கிய முந்தைய போரில் பிரெஞ்சுப் படையைக் கடற்கரையோடு தடுத்து நிறுத்திய தளபதி. அந்நியப் படை வாசலில் நிற்கும்போது தன் நாட்டைக் காத்தவர். இவரைச் சுட்டுக் கொன்று பதினெட்டு வருடம் கழித்துப் பாரிஸில் கலியேனி செய்ததும் இதைத்தான். அவருக்கு இது நினைவுக்கு வந்ததா என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன்.

1897 பிப்ரவரியில் ராணியை இறக்கி, முடியாட்சியை ஒழித்தார். ராணியை ரீயூனியன் தீவுக்குக் கப்பலேற்றினார். மார்ச்சில், அம்போஹிமங்கா மலையில் இருந்த பழைய அரசர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்துத் தலைநகர் அரண்மனை வளாகத்துக்கு மாற்றினார். மடகாஸ்கர் மக்களுக்கு மூதாதையரின் எலும்பு என்பது நமக்குக் குலதெய்வம் மாதிரி. அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் செய்தார். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க என்னை உறுத்துவது இதுதான். தெரியாமல் செய்கிற முரடர் இல்லை. மக்களின் வழக்கங்களை எழுதிவைத்தார், மலகாசி மொழியைப் படிக்கும்படி அதிகாரிகளைத் தூண்டினார், 1902-இல் மலகாசி அகாடமியைத் தொடங்கினார், மருத்துவப் பள்ளி திறந்தார், ரயில் பாதை போட்டார். ஒரு கிராமத்தைப் பிடிக்கப் போகிற அதிகாரி, நாளைக்கு அங்கே சந்தை கூட்ட வேண்டியவனும் தானே என்று நினைத்துக்கொண்டால் வேறு மாதிரிச் சண்டை போடுவான் என்பது அவருடைய பாடம். ஒரு காவல் நிலை, பக்கத்தில் ஒரு சந்தை, ஒரு பள்ளி, ஒரு வைத்தியசாலை. அது காலூன்றியதும் அடுத்த காவல் நிலை. காகிதத்தில் சொட்டிய எண்ணெய் ஊறிப் பரவுகிற மாதிரி. 'எண்ணெய்க் கறை' என்றே இதற்குப் பெயர் வைத்தார்கள். அவருடைய சீடர் லியோத்தே இதைப் பிறகு மொராக்கோவுக்குக் கொண்டுபோனார். சீடரின் சிலையும் இந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

சந்தை கூடியதும் தலைவரி வந்தது. நாட்டைப் பிடிக்க ஆன செலவையும் ரயில் பாதைக்கான செலவையும் பிடிக்கப்பட்டவர்கள் தலையிலேயே கட்டுகிற வரி. பணமாகவே கட்ட வேண்டும் என்பதால் விவசாயி தன் நெல்லை விற்றாக வேண்டும், இல்லையென்றால் கூலிக்குப் போக வேண்டும். கலியேனி இதற்குக் கொடுத்த பெயர் 'ஒழுக்கம் போதிக்கும் வரி'. எத்தனையோ வரிகளுக்குப் பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன். இப்படி ஒரு பெயரை எங்கேயும் கண்டதில்லை.

எண்ணெய் பரவாத இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு மேற்குக் கரையில் மெனாபே நாட்டின் கதை இருக்கிறது. 1897 ஆகஸ்டில் அம்பிகி என்ற ஊரில், சரணடையத் தயாராக இருந்ததாகச் சொல்லப்படும் அரசர் தோஎராவையும் அவரோடு இருந்தவர்களையும் பிரெஞ்சுப் படை கொன்று குவித்தது. அரசரின் தலை வெட்டப்பட்டது. மண்டையோடு பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றுக்கு வந்து அலமாரியில் உட்கார்ந்தது. துப்பாக்கி பிடித்தவர் வேறொரு அதிகாரி என்பது உண்மை. அந்தப் படையை அனுப்பிய ஆட்சி கலியேனியுடையது என்பதும் உண்மை. 2025 ஆகஸ்டில்தான், அந்த அரசருடையது என்று கருதப்படும் மண்டையோட்டையும் கூட இருந்த இரண்டையும் பிரான்ஸ் மடகாஸ்கரிடம் திருப்பிக் கொடுத்தது. 128 வருடம்.

நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு பள்ளிக் கூட்டம் வந்தது. ஆசிரியை குவிமாடத்தைக் காட்டி ஏதோ சொன்னார். சிலை பக்கம் யாரும் திரும்பவில்லை. 2020 ஜூனில், உலகெங்கும் சிலைகளைப் பற்றிய சண்டை நடந்த நாள்களில், இந்தச் சிலையின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்திச் சில போராட்டக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். துணியை எடுத்துவிட்டார்கள். சிலை அப்படியே இருக்கிறது. அந்தனனரிவோவில் கலியேனி பெயரில் இருந்த பெரிய பள்ளியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். இப்போது அது அந்தோஹாலோ பள்ளி.

சிலையை எடுக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், எடுக்க வேண்டாம் என்பேன். அந்த நான்கு பெண்களையும் விட உண்மையான வாக்குமூலத்தை எந்தப் போராட்டக்காரராலும் எழுத முடியாது. நெஞ்சு நிமிர்த்திப் பெருமையாகச் செய்துவைத்தார்கள், அது அப்படியே சாட்சியாகிவிட்டது. அகழி வெட்டவும் மாடு கட்டவும் டாக்சி பிடிக்கவும் தெரிந்த அந்த மூளை, மற்ற மூன்று பெண்களிடம் பாடம் படித்துத்தான் நான்காமவளைக் காப்பாற்ற வந்தது. பள்ளிக் கட்டணத்தைக் கட்டியவர்கள் அவர்கள்.

அவருடைய கடைசிக் காலம் துயரமானது. 1915 அக்டோபரில் போர் அமைச்சரானார். வெர்தான் கோட்டைப் பகுதியில் பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லை என்று அங்கே இருந்த அதிகாரி ஒருவர் வழியாகச் சேதி வர, டிசம்பரில் ஜோஃப்ருக்கு எழுதிக் கேட்டார். முனையில் இருக்கிறவன் எனக்கு மேலே இருப்பவரிடம் நேரே குறை சொல்வதா என்று ஜோஃப்ர் கொதித்தார். 1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மானியர் தாக்கியது அதே வெர்தானைத்தான். எச்சரித்த அதிகாரி திரியான் மறுநாளே போர்க்களத்தில் இறந்தார். மார்ச்சில் கலியேனி தலைமைத் தளபதியின் அதிகாரங்களைக் குறைத்து அமைச்சரவையின் கைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஓர் அறிக்கையை அமைச்சரவையில் படித்தார். போர் நடக்கிற நேரத்தில் அரசாங்கம் கவிழும் என்று பயந்து சக அமைச்சர்கள் அதை மூடிவைத்தார்கள். உடல்நிலையைச் சொல்லி விலகினார். அறுவைச் சிகிச்சை பலிக்காமல் மே 27 அன்று வெர்சாய் நகரில் இறந்தார். ஆன்வலித் குவிமாடத்துக்குக் கீழே அவருக்கு இடம் கிடைத்திருக்கும். ஆனால் மத்தியதரைக் கடலோரம் சென் ரஃபாயேல் ஊரில், மனைவியின் பக்கத்தில் புதைக்கப்பட்டார். மார்ஷல் பட்டம் 1921-இல் வந்தது, செத்து ஐந்து வருடம் கழித்து.

கடைசி நாள் மாலை மறுபடி மூன்றாம் நம்பர் தடத்தில் ஏறினேன். இந்த முறை வேண்டுமென்றே லுவல்லுவா முனையிலிருந்து. வழியில் லூயிஸ் மிஷேல் என்று ஒரு நிலையம் வருகிறது. பாரிஸ் கம்யூனில் போராடி, பசிபிக் கடலில் நியூ கலிடோனியா தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். அங்கே 1878-இல் பழங்குடிக் கனாக் மக்கள் பிரான்சுக்கு எதிராக எழுந்தபோது, கூட நாடுகடத்தப்பட்டவர்களில் பலர் அரசாங்கத்தின் பக்கம் நிற்க, கனாக்குகள் பக்கம் நின்றவர். அவரும் கலியேனியும் ஒரே தடத்தில்! மெத்ரோ வரைபடத்தைப் போட்டவருக்கு இது தெரிந்திருக்காது.

கலியேனி நிலையம் 1971-இல் திறந்தது. மேலே ஏறினால் நகரைச் சுற்றும் வளைய நெடுஞ்சாலை இரைகிறது. மெர்க்யூரியால் என்கிற கண்ணாடி இரட்டைக் கோபுரங்கள், ஒரு பேரங்காடி, கைவண்டியில் சோளம் சுட்டு விற்கிறவர்கள். ஐரோப்பாவின் பல மூலைகளுக்கும் மலிவு விலைப் பேருந்துகள் இங்கிருந்துதான் ஒரு காலத்தில் கிளம்பினவாம். லண்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரும் சொந்தக்காரரைக் கூட்டிப்போக இங்கே விடியவிடியக் காத்து நின்ற கதைகளைத் தம்பி சொன்னார். "கலியேனியிலை நிக்கிறன் எண்டு போன் பண்ணுவினம். குளிருக்கை ஓடிவருவன்" என்றார். அவருடைய கலியேனி அது.

பாரிஸுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெப்போலியனைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பாதீர்கள். குவிமாடத்துக்குப் பின்பக்கம் போய் வோபான் சதுக்கத்துச் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே நிற்கிறவரை விட்டுவிட்டுக் கீழே தாங்குகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. ராணி ரனவலோனாவுக்கு அந்த ஊரில் நான் தேடியவரை சிலை எதுவும் இல்லை. ரீயூனியனிலிருந்து அவரை 1899-இல் அல்ஜியர்ஸுக்கு மாற்றினார்கள். ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்டுக் கேட்டு, 1917 மே 23 அன்று அங்கேயே இறந்தார். அவருடைய எலும்புகள் அந்தனனரிவோவுக்கு வந்து சேர்ந்தது 1938-இல்.